கொம்பையாவைக் கூப்பிட்ட காடு

பூவன்பாறைக்கு மேற்கே, நரிக்கால் ஓடை இறங்கி வருகிற காட்டில், ஓர் ஐப்பசி மழை வெறித்த மறுநாள் காலையில் சிலந்தி வலைகளில் பேச்சு தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ எப்போதோ அந்தக் காட்டுக்குள் பேசிவிட்டுப் போன பேச்சு. பனித்துளி கோத்த வலைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால், பேசினவர் குரலிலேயே, பேசினவர் இழுவையிலேயே, கொசு பாடுகிற அளவுக்குக் கேட்டது. முதலில் கேட்டவர் ஆடு மேய்க்கப் போன ஒரு பெரியவர். எப்போதோ செத்துப்போன தன் கிடாயைத் தானே கெட்ட வார்த்தையில் வைதுகொண்டிருப்பதை இரண்டு இலந்தை மரங்களுக்கு நடுவே நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கி, பூதத்தான் டீக்கடையில் உட்கார்ந்து, சீனி குறைவாக ஒரு டீ சொன்னார். டீ வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

கடையில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து விறகுக்கும் கடுக்காய்க்கும் தேனுக்கும் என்று ஊரே ஏறி இறங்கின காடு, அத்தனை பேர் பேசின பேச்சும் எங்கே போயிருக்கும், எதிலாவது ஒட்டிக்கொண்டுதானே கிடக்கும் என்றார்கள். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று பள்ளிக்கூட வாத்தியார் கேட்டதற்கு, இத்தனை நாள் நாம் காது கொடுத்தோமா என்று பூதத்தான் பாலை ஆற்றிக்கொண்டே திருப்பிக் கேட்டார். அத்தோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

காரணம் தெரியாவிட்டால் என்ன, சீக்கிரமே ஊருக்கு அதன் நெளிவு சுளிவு எல்லாம் அத்துபடியாகிவிட்டது. அதுவரை முகத்துக்கு முன்னால் ஒரு குச்சியை ஆட்டி வலையை அறுத்துக்கொண்டே காட்டுக்குள் நடந்தவர்கள், இப்போது விடியக்காலம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து சிலந்தியின் மூஞ்சியைப் பார்த்தார்கள். மரத்துக்கு மரம் பொன்னிறத்தில் நூல் இழுத்துக் கட்டுகிற, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பும் மஞ்சளுமான பெரிய சிலந்தியின் வலையில் நீளப் பேச்சு நிற்கும். காலை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அதன் வலையில் சண்டை. புல்லுக்குள் புனல் மாதிரி பொந்து வைத்துக் கட்டுகிறதில் ரகசியமும் முனகலும். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சிலந்தி உண்டு, அது விடிந்ததும் தன் வலையைத் தானே சுருட்டித் தின்றுவிட்டுச் சாயங்காலம் புதுசாகக் கட்டும். தின்ற பேச்சு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் கவலையாக இருந்தது. மறுநாள் போய்க் கேட்டால் ஒரு சொல் பிசகாமல் அதே பேச்சு புது நூலில் தொங்கிற்று. ஒன்றே ஒன்றுதான், பனி காய்ந்துவிட்டால் எந்த வலையிலும் பேச்சில்லை. வெயில் ஏறுவதற்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, ஊர் அதற்கு ரொம்ப மரியாதை கொடுத்தது. வலை அறுந்துவிடுமே என்று காட்டில் குனிந்து நடந்து பழகியவர்கள் கடைத்தெருவிலும் குனிந்தே நடந்தார்கள், வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பூவன்பாறைக்காரன் எதையோ தொலைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக ஓடைக்குப் போய்ப் பெண் எப்படிப் பேசுகிறவள் என்று விசாரித்தார்கள். வாய்த்துடுக்கான ஆட்கள் காட்டுக்குள் நுழையும்போதே வாயைத் துண்டால் கட்டிக்கொண்டார்கள். ஒட்டடைக் கம்பு வைத்திருக்கிற வீட்டை ஒரு மாதிரியாகப் பார்க்கிற காலமும் வந்தது.

இந்த அமளியில் தூக்கம் கெட்டுப்போனது கொம்பையாவுக்குத்தான்.

கொம்பையா அந்த ஊரின் மைக் செட்காரர். கோயில் கொடைத் திருவிழாவோ கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, அவர் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டாமல் ஒன்றும் நடக்காது. ஊரில் உள்ள அத்தனை பேர் குரலையும் பெரிதாக்கி நாலு ஊருக்கு அனுப்பினவர், குழாய்க்கு அடியிலேயே வாழ்ந்து வாழ்ந்து வலது காதைச் சுத்தமாகத் தொலைத்துவிட்டு, இடது காதிலும் ஏதோ கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. பெண்டாட்டி உலகம்மாள் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உலகம்மாள் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போகிறவள். போனால் போனோம் வந்தால் வந்தோம் என்றிருக்க மாட்டாள், அவளுக்குச் சின்னது சிறிசு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ஓடையில் நீர்மேல் ஓடுகிற பூச்சியின் நிழல் அடி மணலில் ஆறு வட்டமாக விழுவதைப் பார்த்துக்கொண்டு பொழுதைப் போக்குவாள். மணலைத் துளித்துளியாக ஒட்டித் தனக்குச் சட்டை தைத்து அதை இழுத்துக்கொண்டே திரிகிற ஒரு புழு, வயிற்றுக்கடியில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு நடக்கிற நண்டு, மண்ணில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கிற குழியானை என்று அன்றன்றைக்குப் பார்த்ததை, தலைச்சுமையை இறக்குவதற்கு முன்னாலேயே புருஷனிடம் சொல்லியாக வேண்டும். அவர் காது போன பிறகு கையால் சொன்னாள். உள்ளங்கையைக் கவிழ்த்து விரலைப் பக்கவாட்டில் நடத்தினால் நண்டு, கட்டைவிரல் இரண்டையும் கோத்து ஆட்டினால் வண்ணத்துப்பூச்சி. அவளுடைய கடைசி வருஷங்களில் கொம்பையா அவள் கையைத்தான் கேட்டார், குரலைக் கேட்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் வாயாலும் சொன்னதில்லை, கையாலும் சொன்னதில்லை. அது புருஷன் பெயர். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள் என்றாலும் உலகம்மாள் கொஞ்சம் கூடுதல். கொம்பு என்ற சொல்லே அவள் வாயில் வராது. மாட்டுக் கொம்பை, மாட்டுக்குத் தலையில இருக்கே அது, என்பாள். தலையில் ஒற்றைக் கொம்பு வைத்த வண்டு ஒன்று காட்டில் உண்டு, அதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் அவள் பாடு திண்டாட்டம்தான். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கூட வந்த முப்பிடாதியை முன்னால் தள்ளிவிடுவாள். டீக்கடைப் பூதத்தானின் பெண்டாட்டி முப்பிடாதி, உலகம்மாளுக்குக் காட்டுத் துணை. இவள் புருஷன் பெயரை அவள் சொல்வாள், அவள் புருஷன் பெயரை இவள் சொல்வாள், இப்படியே இரண்டு பேரும் எல்லா ஆபீசையும் ஏறி இறங்கிவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் அம்மன் கொடைக்கு மைக் சோதிக்கும்போது, சுற்றிலும் ஆளில்லாததைப் பார்த்து, மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டி, என் பேரைச் சொல்லு என்று கொம்பையா கேட்டதுண்டு. ச்சீ என்று அவள் மைக்கைத் தள்ளிவிட்டு ஓடினாள். அவள் சிரிப்பும் வளையல் சத்தமும் குழாய் வழியாக வயற்காடு வரைக்கும் போயிற்று, பெயர் வரவில்லை. அன்றைக்குப் பிடித்த ஏக்கம் அது. ஏலே கொம்பையா, கொம்பையாண்ணாச்சி, கொம்பையா மாமா என்று ஊரே நாள் முழுக்கக் கூப்பிட்டுத் தேய்த்த பெயர், அவள் வாயில் மட்டும் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே அவளைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார். இப்போது காட்டில் பேச்சு தொங்குகிறது என்றதும் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. ஆளில்லாத காட்டில், ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்திருக்க மாட்டாளா?

உலகம்மாள் கடுக்காய் பொறுக்கினது வழுக்குப் பாறைக்கு மேலே. அங்கே ஆண்கள் யாரும் போவதில்லை. மேலே கதண்டுக் குளவி கட்டியிருக்கு, கொட்டினா ஆள் பிழைக்காது என்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். பெண்களை மட்டும் அது ஏன் கொட்டுவதில்லை என்று ஒரு ஆணுக்கும் கேட்கத் தோன்றியதில்லை. கொம்பையா முப்பிடாதியிடம் போய், நீ மேலே போகிறபோது என் பெயர் எங்காவது தொங்குகிறதா கேட்டுவிட்டு வா தாயி என்று கெஞ்சினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்க ஒண்ணும் இல்ல அண்ணாச்சி என்றாள். வேறு இரண்டு பெண்களும் பேசிவைத்துச் சொன்னது போல அதையே சொன்னார்கள். தன் காதுக்கோ அந்தக் கொசுச் சத்தம் எட்டாது என்பது அவர் நினைப்பு. கொம்பையா தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார்.

ஆம்ப்ளிபயர், பேட்டரி, மைக், வயர்ச் சுருள், ஒரு குழாய் எல்லாவற்றையும் இரண்டு நடையாகச் சுமந்து, கதண்டு கொட்டினால் கொட்டட்டும் என்று, பொழுது வெளுக்கும்போது வழுக்குப் பாறைக்கு மேலே ஏறினார். கதண்டைக் காணோம். கண்ணுக்கெட்டின மட்டும் வலை, ஒவ்வொன்றிலும் பனி, ஒவ்வொன்றுக்கும் நடுவே எட்டுக் காலையும் பரப்பிக்கொண்டு ஒரு காவல்காரி. தனக்கு மட்டும் கேட்டால் போதும் என்று வந்த மனுஷன் குழாயைத் தன் காதுக்கு நேரே தரையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? வாழ்நாளெல்லாம் பழகின கை அது, என்ன செய்யும்? மூச்சு வாங்க மருத மரத்தில் ஏறி, உயர்ந்த கிளையாகப் பார்த்து, குழாயை ஊரைப் பார்த்துக் கட்டிவிட்டு இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மைக்கை எடுத்து, முதல் வலைக்கு விரற்கடை தூரத்தில் பிடித்தார்.

ஊர் அப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தது. மலையிலிருந்து பெண்களின் குரல் இறங்கிற்று. கடுக்காய், விறகு, முள், அட்டை, இடுப்பு வலி என்று என்னென்னவோ வந்தது. நடுநடுவே ஆண்களின் பெயர் வந்தது. தெருவில் நின்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஒரு குரல், செத்துப்போன குரல், மருத மரத்து உச்சியிலிருந்து ஊர் முழுக்கக் கேட்டது.

“ஏ பூதத்தான், இங்க ஓடி வாயேன். ஒண்ணு காட்டுதேன்.”

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, பூதத்தான் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வலை பேசியது.

“பூதத்தான், நீ வராட்டா எனக்குக் காடே நல்லா இல்ல.”

மலையில் கொம்பையாவுக்கு அந்தக் குரலைக் கேட்ட நொடியில் உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்கிறார்! அதே கீச்சுக் குரல், அதே ஓரத்துச் சிரிப்பு. மறுநொடியில்தான் அது கூப்பிட்ட பெயர் காதில் ஏறியது. இன்னும் ஒரு வலை, இன்னும் ஒரு வலை என்று மைக்கோடு ஓடினார், எங்கே போனாலும் பூதத்தான், பூதத்தான், பூதத்தான். மைக்கைக் கீழே போட்டுவிட்டு, செட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அவள் செத்த அன்றைக்குக்கூட மனுஷன் அப்படி அழவில்லை.

பூதத்தான் நிலைமை அதைவிட மோசம். தொந்தியும் தொப்பையுமாக, கடை வாசல் படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆள். வழுக்குப் பாறை கிழக்கே பார்த்திருக்கிறதா மேற்கே பார்த்திருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமலே கொம்பையா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, சாத்தின கதவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரிலும் வீட்டுக்கு வீடு ரகளை. என் பெயரை அடுத்த வீட்டுக்காரி ஏன் சொன்னாள் என்று ஒருத்தன், என் பெண்டாட்டி ஏன் உன் பெயரைச் சொன்னாள் என்று ஒருத்தன். பெண்கள் பதில் பேசாமல் சோறு வடித்தார்கள். வாய் திறக்கக் கூடாது என்று அவர்களுக்குள் கட்டுப்பாடு. ஆண்களுக்குத் தெரிந்தால் காட்டுக்கும் தெரிந்துவிடும் என்பது அவர்கள் பயம்.

முப்பிடாதியால்தான் தாங்க முடியவில்லை. வாசலில் புருஷன் உட்கார்ந்திருக்க, உள்ளே கொம்பையா படுத்திருக்க, கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணாச்சி, அவ கூப்பிட்டது என்னைய,” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வழுக்குப் பாறைக்கு மேலே ஏதோ ஒன்று எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆள் பெயர் அதன் காதில் விழுந்துவிட்டால், அதே பெயரைச் சொல்லி, கூப்பிட்டவள் குரலிலேயே, இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று கூப்பிடும், போனவள் திரும்ப மாட்டாள். அக்கா தங்கச்சி என்று முறை சொல்லிக் கூப்பிடவும் கூடாது, எந்த அக்கா வந்து நிற்பாளோ யார் கண்டது. அதனால் பாறையைத் தாண்டினதும் ஒவ்வொருத்தியும் அவளவள் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்வாள். அது எவ்வளவு வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பார்க்கட்டும், அந்தப் பெயருக்கு உரிய ஆள் டீக்கடையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. வாசலில் இருந்த பூதத்தான் இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முப்பிடாதி காட்டுக்குள் பூதத்தான். அவள் வராத நாளில் உலகம்மாளுக்குக் காடு நல்லா இல்லை.

கொம்பையா எழுந்து உட்கார்ந்தார். “அப்போ எம் பேரு?”

“உங்க பேரு அவளுக்குத்தான். இத்தன வருசமும் காட்டுக்குள்ள அவதான் கொம்பையா.”

“ஒரு தடவகூட அவ வாயால சொல்லலியா தாயி?”

“தன் பேரைத் தானே எப்படி அண்ணாச்சி கூப்பிடுவா? நாங்க கூப்பிடுவோம். அவ பதில் சொல்லுவா.”

கொம்பையா ஆசைப்பட்டது இல்லை என்றாகிவிட்டது, அதில் மாற்றமில்லை, அந்தக் காட்டில் எந்தச் சிலந்தியாலும் அதைக் கட்டித் தர முடியாது. ஆனால் அவள் பதில் சொன்ன இடத்தைக் காட்டுவாயா என்று கேட்டார். முப்பிடாதி காட்டுவதாகச் சொன்னாள். சேதி அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவியது. ஆண்கள் சண்டையை நிறுத்தினார்கள். தங்கள் பெயர் இத்தனை காலமாக முள்ளிலும் அட்டைக்கடியிலும் சுமை தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது என்பதில் சிலருக்கு வெட்கம், சிலருக்கு ஒரு மாதிரிப் பெருமை. ஒன்றிரண்டு பேர் அன்றைக்கு முதல்தடவையாகப் பெண்டாட்டியின் தலைச்சுமையை வாசலிலேயே வாங்கி இறக்கினார்கள்.

மறுநாள் விடியலில் மைக் இல்லாமல், வெறுங்கையோடு, கொம்பையா முப்பிடாதியின் பின்னால் ஏறினார். ஓடை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பி, கோரைப் புல்லுக்குள் நின்று போகிற ஒரு வளைவு. உலகம்மாள் வேலைக்கு நடுவில் வந்து உட்கார்கிற இடம் இதுதான் என்று காட்டிவிட்டு, முப்பிடாதி கடுக்காய் மரங்களைப் பார்த்து மேலே போனாள். அங்கே நீருக்கு ஒரு சாண் உயரத்தில், பாய் விரித்தது போல் படுக்கையாக ஒரு வலை. கட்டினவள் ஒல்லியாக, நீளக் காலை முன்னும் பின்னும் நீட்டிக் கோரைத் தாளோடு தாளாக ஒட்டிக்கொண்டிருந்தாள், உற்றுப் பார்த்தால்தான் உயிர் என்று தெரிகிறது. வலைக்குக் கீழே ஆறு வட்ட நிழலோடு பூச்சிகள் ஓடின. கையால் மட்டுமே கேட்டிருந்த அத்தனையும் அங்கே இருந்தது. கொம்பையா கோரைக்குள் குப்புறப் படுத்தார். சட்டை நனைந்தது, தாடை நீரில் பட்டது. மிச்சமிருந்த அந்த இடது காதை, மூச்சு வலையில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

தண்ணீரின் சத்தம் கேட்டது. பிறகு, தூரத்தில், இளவயசு முப்பிடாதியின் குரல் நீட்டி முழக்கிக் கூப்பிட்டது. “கொம்பையோ... வ்!”

அதற்குப் பதில் மிகப் பக்கத்தில் வந்தது, காதுக்குள்ளேயே வாயை வைத்தது மாதிரி.

“இங்கனதான் இருக்கேன். சத்தம் போடாத, ஒரு தட்டான் தோலுரிக்கு.”

அவ்வளவுதான். அவர் அசையவில்லை. மறுபடியும் அந்தக் கூப்பாடு வந்தது, மறுபடியும் இங்கனதான் இருக்கேன் என்று வந்தது, ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயருக்கு அவள் குரல் சட்டென்று, ஒரு யோசனையும் இல்லாமல், தனக்குச் சொந்தமானதற்குப் பதில் சொல்வது போலப் பதில் சொன்னது. எத்தனை தடவை கேட்டார் என்று அவருக்கே தெரியாது. வெயில் மரத்துக்கு மேலே ஏறி, கோரையில் இறங்கி, வலையின் ஓரத்துத் துளியை முதலில் எடுத்தது. குரல் மெலிந்தது. இங்கன என்பது மட்டும் கொஞ்சம் நின்று அதுவும் காய்ந்தது. கொம்பையா எழுந்திருக்க மனசில்லாமல் நீரோடு நீராக அப்படியே கிடந்தார்.

மேலே முப்பிடாதி கடுக்காயை மடியில் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் வளைவில் ஆளைக் காணோம். காது கேட்காத மனுஷன், எந்தக் குரலைக் கேட்டு எந்தப் பக்கம் போனாரோ? கூப்பிட வாயைத் திறந்தவள் திகைத்து நின்றாள். அண்ணாச்சி என்று முறை சொல்லக் கூடாது. அவர் பெயரைச் சொல்லக் கூடாது, அது அவருடைய சொந்தப் பெயர், அதுவுமில்லாமல் அந்தக் காட்டில் அது செத்தவளின் பெயர். ஆனால் புருஷன் பெயரைப் பெண்டாட்டி போட்டுக்கொள்ளலாம் என்றால் பெண்டாட்டி பெயரைப் புருஷன் போட்டுக்கொள்ளக் கூடாதா என்ன? இதுவரை அங்கே யாரும் கூப்பிட்டிராத பெயரை, இரண்டு கையையும் வாயில் குவித்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள்.

“உலகம்மோ... வ்!”

செவிட்டுக் காதுக்கு அது எப்படித்தான் எட்டியதோ, கோரைக்குள்ளிருந்து கொம்பையா தலையைத் தூக்கினார்.

“இங்கனதான் இருக்கேன்,” என்றார்.